நிறையும் விலையும்

விருதுநகரில் பெரிதாக எதுவும் விளைவதில்லை. கரிசல் மண், வானம் பார்த்த பூமி. ஆயினும் பருப்புக்கும் எண்ணெய்க்கும் மிளகாய் வற்றலுக்கும் விலை சொல்கிற ஊர் அது. நாளிதழ்களின் வணிகப் பக்கத்தில் ‘விருதுநகர் சந்தை நிலவரம்’ என்று ஒரு சிறு பத்தி வருவதை வாசகர்கள் கவனித்திருக்கக்கூடும். அந்தச் சந்தையின் ஓரத்தில் வளர்ந்தவர்களுக்குச் சிறு வயதிலேயே ஓர் உண்மை பிடிபட்டுவிடும்: நிறை வேறு, விலை வேறு. மூட்டையின் நிறையைத் தராசு சொல்லிவிடும். நேற்று நிறுத்தாலும் இன்று நிறுத்தாலும் அது ஒன்றுதான். விலையை வாங்க வருகிறவன் சொல்லவேண்டும். அவன் வரும்வரை மண்டிக்காரர் சொல்வதெல்லாம் மதிப்பீடு மட்டுமே.

அரசியலில் அனுபவம் என்பது நிறை. வெற்றிவாய்ப்பு என்பது விலை. ஒரு கட்சி தன் வேட்பாளரைத் தீர்மானிக்க உட்காரும்போது இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கப் பார்க்கிறது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது என்பது எங்கள் எண்ணம்.

ஒரு மூத்தவர் இருக்கிறார். சிறை, சட்டமன்றம், நிர்வாகம் எல்லாம் பார்த்தவர். எதிரே ஓர் இளையவர் நிற்கிறார். காட்டுவதற்குக் கையில் அதிகமில்லை, ஆனால் தெருவில் அவர் பெயர் அடிபடுகிறது. யாரை நிறுத்துவது? இதை அமெரிக்காவின் பிரச்சினையாகவே நம்மில் பலர் படித்து வந்திருக்கிறோம். அங்கே கட்சி வேட்பாளரைக் கட்சி ஆதரவாளர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தல் உண்டு, இங்கே இல்லை என்பதால் அப்படித் தோன்றுகிறது. உண்மையில் இந்தக் கேள்வியின் மூன்று பக்கங்களையும் தம் வாழ்நாளிலேயே கண்ட ஒருவர் எங்கள் ஊரில் பிறந்தார். 1954இல் காமராஜர் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 1966இல் தேர்ந்தெடுத்தவர். 1967இல் தம் சொந்த ஊரிலேயே நிராகரிக்கப்பட்டவர். அந்த மூன்று நிகழ்வுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

1952 தேர்தலில் அன்றைய சென்னை மாகாணத்தில் காங்கிரசுக்கு 375 இடங்களில் 152தான் கிடைத்தன. பெரும்பான்மை இல்லாத நிலையில் கட்சி ஓர் ‘அனுபவசாலி’யைத் தேடியது. இந்தியாவின் கடைசித் தலைமை ஆளுநராக இருந்து ஓய்வுபெற்றிருந்த ராஜாஜியை அழைத்து வந்தது. அவருக்கு அப்போது வயது 73. அவர் தேர்தலில் நிற்கவுமில்லை. மேலவைக்கு ஆளுநரால் நியமிக்கப்பட்டு முதல்வரானார். வாக்குப்பெட்டியின் பக்கமே போகாத தேர்வு அது. நிறை மட்டும் பார்க்கப்பட்டது, விலை பார்க்கப்படவில்லை.

நிறை பொய்யில்லை. பெரும்பான்மையற்ற ஓர் ஆட்சியைக் கட்டிக் காத்தது ராஜாஜியின் சாமர்த்தியம். உணவுத் தானியக் கட்டுப்பாட்டை நீக்கும் துணிவும் அவரிடம் இருந்தது. ஆனால் 1953இல் அவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் ‘குலக்கல்வி’ என்ற பெயரோடு ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தபோது, அடுத்த தேர்தலில் மக்கள் முன் நிற்கவேண்டிய சட்டமன்ற உறுப்பினர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. 1954இல் அவர் விலகினார்.

அதன்பின் நடந்ததுதான் நமக்கு முக்கியம். காங்கிரஸ் சட்டமன்றக் கட்சியில் வாக்கெடுப்பு நடந்தது. காமராஜருக்கு 93, சி. சுப்பிரமணியத்துக்கு 41. காமராஜருக்கு வயது 50, சி.எஸ்.ஸுக்கு 44. வயதில் மூத்தவர் காமராஜர். ஆட்சி அனுபவத்தில் மூத்தவரோ ராஜாஜி அமைச்சரவையில் பொறுப்பு வகித்த சி.எஸ். காமராஜர் அதுவரை ஒரு நாளும் அமைச்சராக இருந்ததில்லை. பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர், கோப்பு பார்த்துப் பழகாதவர் என்ற குறைகள் அவரைப்பற்றி அன்று பேசப்பட்டன. வயதும் அனுபவமும் ஒன்றல்ல என்பதும், அனுபவத்திலேயே பல வகை உண்டு என்பதும் அந்த வாக்கெடுப்பில் தெரிந்தன. கட்சிக்காரனின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிய அனுபவமும் அனுபவம்தான்.

வென்றவர் என்ன செய்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். தம்மை எதிர்த்து நின்ற சி.எஸ்.ஸையும், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் தம் சிறிய அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். வாக்கெடுப்பு நடந்ததால் கட்சி உடையவில்லை. யாருக்கு எவ்வளவு பலம் என்பது எண்ணிக்கையில் தெரிந்துவிட்டதால் சமரசம் எளிதாயிற்று என்றே நாம் கருதுகிறோம். உட்கட்சித் தேர்தல் என்றாலே பிளவு என்று அஞ்சுகிறவர்கள் இந்த 93ஐயும் 41ஐயும் நினைத்துக்கொள்ளலாம்.

*

1966 ஜனவரி 11. தாஷ்கண்டில் லால் பகதூர் சாஸ்திரி காலமானார். காங்கிரஸ் தலைவர் காமராஜர். பிரதமர் பதவிக்கு மொரார்ஜி தேசாய் நின்றார். வயது 69. பம்பாய் மாகாண முதல்வர், மத்திய நிதியமைச்சர் என்று அவர் காட்டக்கூடிய நிறைக்கு ஈடாக மறுதட்டில் வைக்க யாரிடமும் எதுவுமில்லை. மறுபக்கம் இந்திரா காந்தி. வயது 48. சாஸ்திரியின் அமைச்சரவையில் தகவல் ஒலிபரப்புத் துறையைப் பார்த்தது மட்டுமே அவருடைய ஆட்சி அனுபவம்.

பொதுத்தேர்தலுக்கு ஓராண்டுதான் இருந்தது. வறட்சி, அரிசிப் பஞ்சம், போரின் செலவு, மொழிப்போரின் தழும்பு. அந்தச் சூழ்நிலையில் நாடு முழுவதும் முகம் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று காமராஜரும் மாநில முதல்வர்களும் கணக்குப் போட்டார்கள். எளிதில் வளைக்கமுடியாத மொரார்ஜியைவிட இந்திராவை நடத்திச்செல்வது சுலபம் என்ற கணக்கும் அதில் இருந்தது என்று அக்காலத்தைப் பற்றி எழுதிய பலரும் சொல்கிறார்கள். மொரார்ஜி ஒதுங்க மறுத்து வாக்கெடுப்புக் கேட்டார். ஜனவரி 19ஆம் தேதி எண்ணினார்கள்: இந்திராவுக்கு 355, மொரார்ஜிக்கு 169.

இந்த இடத்தில் ஒரு முரணை வாசகர்கள் கவனிக்க வேண்டும். மூத்தவர்கள் பதவியை விட்டுக் கட்சிப் பணிக்குத் திரும்பவேண்டும் என்று 1963இல் திட்டம் தந்தவர் காமராஜர். முதல்வர் பதவியைத் தாமே முதலில் துறந்து காட்டினார். அந்தத் திட்டத்தில் மத்திய அமைச்சர் பதவியை இழந்தவர்களில் ஒருவர் மொரார்ஜி. ஆக, அனுபவத்தின் நிறையை மட்டும் பார்த்துப் பதவி தரக்கூடாது என்பதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தவர் எங்கள் ஊர்க்காரர்.

கணக்கு பலித்ததா? 1962இல் 361 மக்களவை இடங்கள் பெற்றிருந்த காங்கிரஸ் 1967இல் 283 பெற்றது. வடக்கிலும் தெற்கிலும் மாநிலங்கள் கைநழுவின. 1969இல் கட்சியே இரண்டாகப் பிளந்தது. தாம் தேர்ந்தெடுத்தவரின் எதிரணியில், தாம் ஒதுக்கிய மொரார்ஜியின் பக்கத்தில் காமராஜர் போய் நிற்க நேர்ந்தது. 1971இல் இந்திராவின் காங்கிரஸ் 352 இடங்களை வென்றது. அதாவது வெற்றிவாய்ப்பைப் பற்றிய கணிப்பு சரி, காலக்கணக்குதான் தவறு. அந்த வெற்றியும் கணித்தவர்களுக்கு எதிரான வெற்றியாக வந்து சேர்ந்தது. கொடுமையான கணக்குத்தான்.

கதை அங்கும் முடியவில்லை. 1966இல் ‘வயதானவர்’ என்று விடப்பட்ட மொரார்ஜி, நெருக்கடிநிலைச் சிறையிலிருந்து வெளிவந்து 1977இல் தம் 81ஆம் வயதில் பிரதமரானார். அம்முறை வாக்கெடுப்பு இல்லை; ஜெயப்பிரகாஷ் நாராயணும் கிருபளானியும் பேசித் தீர்மானித்தார்கள். ஜகஜீவன்ராமுக்கும் சரண்சிங்குக்கும் மனத்தாங்கல் மிஞ்சியது. 1979இல் ஆட்சி கவிழ்ந்தது. கவிழ்ந்ததற்குக் காரணங்கள் பல. ஆனால் எண்ணிப் பார்க்கப்படாத பலம் எப்போதும் சந்தேகத்துக்குரிய பலமாகவே இருக்கும் என்பதை 1954ஐயும் 1977ஐயும் ஒப்பிட்டால் உணரலாம்.

*

இனி எங்கள் ஊருக்கு வருவோம்.

1967 பிப்ரவரியில் விருதுநகர் சட்டமன்றத் தொகுதியில் காமராஜர் நின்றார். 1957இலும் 1962இலும் சாத்தூரில் வென்றவர். வயது 63. எதிரே திராவிட முன்னேற்றக் கழகத்தின் பெ. சீனிவாசன், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்திலிருந்து வந்த மாணவர் தலைவர். ஒருபுறம் இரண்டு பிரதமர்களைத் தேர்ந்தெடுத்தவர். மறுபுறம் ஊருக்கே முந்தாநாள் அறிமுகமான ஓர் இளைஞர். சீனிவாசன் 1,285 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். அத்தேர்தலில் திமுக 137 இடங்களைப் பிடித்தது. முதல்வர் பக்தவத்சலமும் தம் தொகுதியில் தோற்றார்.

படுத்துக்கொண்டே ஜெயிப்போம் என்று காமராஜர் சொன்னதாக ஒரு வாசகம் இன்றளவும் உலவுகிறது. அவர் சொன்னாரோ இல்லையோ, கட்சி அப்படித்தான் நடந்துகொண்டது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற எதிர்க்கட்சியின் வாக்குறுதி அடுப்பங்கரைவரை போயிருந்தது. சுடப்பட்டு மருத்துவமனையில் கிடந்த எம்.ஜி.ஆரின் கழுத்துக்கட்டுப் போட்ட படம் சுவரெங்கும் ஒட்டப்பட்டிருந்தது. இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு காரணம் உண்டு. அதை எளிய கூட்டல் கணக்கால் சொல்லலாம். காமராஜர் முதல்வரான 1954இல் எட்டு வயதாயிருந்த குழந்தைக்கு 1967இல் வயது 21. அன்று வாக்குரிமை வயது அதுதான். அவர் திறந்த பள்ளியில் படித்து, அவர் போட்ட மதிய உணவைச் சாப்பிட்டு வளர்ந்த முதல் தலைமுறை முதல்முறையாக வாக்களித்த தேர்தல் அது. அவர்களுக்குச் சிறைசென்ற காமராஜரைத் தெரியாது. தாங்கள் பிறந்ததிலிருந்து ஆண்டுகொண்டிருக்கும் ஒரு கட்சியைத் தெரியும். அந்தக் கட்சியின் காவல்துறை 1965இல் மாணவர்கள்மீது சுட்டதைத் தெரியும். அவருடைய அனுபவத்தின் பலனே அவருக்கு எதிரான வாக்காக முதிர்ந்தது. இதை நன்றிகேடு என்று சொல்பவர்கள் உண்டு. நாங்கள் அப்படி நினைக்கவில்லை. படித்தவன் கேள்வி கேட்பான் என்று தெரிந்துதானே பள்ளி திறந்தார்?

எங்களில் ஒருவரின் தந்தை அந்தத் தேர்தலில் காங்கிரசுக்காக வீடு வீடாக வாக்காளர் சீட்டுக் கொடுத்தவர். பருப்பு மண்டியில் கணக்கெழுதியவர். கடைசிவரை கதர்தான். தேர்தலுக்குப் பத்து நாள் முன்பே தமக்குத் தெரிந்துவிட்டது என்று முதுமையில் சொன்னார். வழக்கமாக ‘உள்ளே வாங்க அண்ணாச்சி’ என்று அழைக்கும் வீடுகளில் சீட்டை வாசலிலேயே வாங்கிக்கொண்டார்களாம். அரிசிக்கடை வரிசையில் நின்ற பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்களாம். “தெரிந்தால் சொல்லியிருக்கலாமே” என்று கேட்டோம். “யாருகிட்டப் போய்ச் சொல்ல?” என்றார். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சொன்னா, நீ திமுகவுக்குப் போயிட்டியான்னு கேட்டிருப்பாங்க” என்றார்.

இக்கட்டுரை எழுதக் காரணம் அந்த ஒரு பதில்தான். 1954இல் கட்சிக்காரர் ஒருவருக்குத் தம் கருத்தைச் சொல்ல ஒரு வாக்குச்சீட்டு இருந்தது, அவர் சட்டமன்ற உறுப்பினராக இருந்தால். 1966இலும் இருந்தது, அவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தால். 1967இல் விருதுநகரின் சாதாரணத் தொண்டருக்கு அப்படி ஒன்றுமில்லை. தலைவரை எதிர்த்து அல்ல, தலைவருக்கு உதவியாகவேகூட ஒரு சொல் சொல்ல வழியில்லை. தொகுதிக் காங்கிரசுக்குள் ஒரு போட்டி நடந்திருந்தால் காமராஜர் தோற்றிருக்கமாட்டார், பெருவாரியாக வென்றிருப்பார். ஆனால் எதிர்த்து விழுந்த சில நூறு வாக்குகள் அவருக்கு எச்சரிக்கையாக இருந்திருக்கும். கடைசி 1,285 பேரைத் தேடிப் போக அவருக்கு அவகாசம் கிடைத்திருக்கும். உட்கட்சித் தேர்தலை மூத்தவரை இறக்கும் ஏணியாக நினைக்கிறார்கள். அது மூத்தவரின் காதில் விழவேண்டியதை விழவைக்கும் மணி என்பதே எங்கள் வாதம்.

*

அனுபவத்துக்கு எதிராக நாங்கள் பேசுவதாக எண்ணவேண்டாம். சிவகாசிப் பக்கத்தில் பிறந்தவர்கள் அப்படிப் பேசமுடியாது. பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறைக்குள் புது ஆளை விடமாட்டார்கள். எந்த மருந்தோடு எது சேரும், எது சேரக்கூடாது, எவ்வளவு கலக்கலாம், வெயில் ஏறுவதற்குள் எதை முடிக்கவேண்டும் என்று தெரிந்த கை வேண்டும். அங்கே அனுபவம் என்பது மரியாதை சம்பந்தப்பட்ட விஷயமல்ல, உயிர் சம்பந்தப்பட்டது. ஆனால் அதே ஊர்க்காரர்கள் இன்னொன்றும் சொல்வார்கள். விபத்து புதியவனின் பயத்தால் வருவதுண்டு. பழகியவனின் பயமின்மையாலும் வருவதுண்டு. இருபது வருடம் ஒன்றும் ஆகவில்லை என்பதே இருபத்தோராவது வருடத்தின் ஆபத்தாகிவிடுகிறது. பழகிய கைதான் வேண்டும், ஆனால் அந்தக் கையை யாராவது பார்த்துக்கொண்டும் இருக்கவேண்டும்.

நம் முன்னோர்கள் இதை யோசிக்காமலில்லை. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உண்டு. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இரண்டே ஆண்டு இடைவெளியில் வெட்டப்பட்டவை. குடவோலைக்குப் பெயர் எழுதப்படத் தகுதியுள்ளவரின் வயது முதல் கல்வெட்டில் 30க்கு மேல், 60க்குள். அடுத்ததில் அது 35க்கு மேல், 70க்குள் என்று திருத்தப்பட்டிருக்கிறது. இரண்டே ஆண்டில் ஏன் திருத்தினார்கள்? அறுபதைத் தாண்டியவர்களின் அனுபவம் வேண்டும் என்று பட்டிருக்கலாம். அறுபதைத் தாண்டியவர்கள் சபையில் பலமாக இருந்திருக்கலாம். எதுவாயினும் சென்ற மூன்றாண்டுகளில் பதவி வகித்தவருக்கு இடமில்லை, கணக்குக் காட்டாதவருக்கு என்றும் இடமில்லை என்ற விதிகளையும் சேர்த்தே எழுதினார்கள். அந்தச் சபை நிலமும் வேதக்கல்வியும் உள்ள பிராமணர்களுக்கு மட்டுமான சபை என்பதை மறந்துவிட்டு அதை ஜனநாயகத்தின் தொட்டில் என்று புகழ்வது நமக்கு உடன்பாடில்லை. ஆயினும், மூத்தவருக்கு இடம் உண்டு, ஆனால் நாற்காலி நிரந்தரமில்லை என்ற நிதானம் அந்தக் கல்லில் இருக்கிறது.

வயதைத் தனியே பிரித்துப் பார்ப்பதில் பயனில்லை என்பதற்குக் கேரளத்தில் ஓர் உதாரணம் உண்டு. 2006இல் வி.எஸ். அச்சுதானந்தனுக்கு அவர் கட்சி முதலில் இடம் தரவில்லை. தெருவில் எழுந்த எதிர்ப்புக்குப் பின் தந்தது. 82ஆம் வயதில் முதல்வரானார். 2011இலும் அதே கதை: மறுப்பு, எதிர்ப்பு, பிறகு சம்மதம். அம்முறை அவருடைய அணி நான்கே இடங்களில் ஆட்சியை இழந்தது. கட்சியின் அறைக்குள் அவர் முதியவர். வெளியே இளைஞர்களின் குரல். 63 வயதுக் காமராஜர் 1967இல் கிழவராகத் தெரிந்ததும், 82 வயது அச்சுதானந்தன் புதியவராகத் தெரிந்ததும் ஏன்? மக்கள் வேட்பாளரின் பிறந்த தேதியைப் பார்ப்பதில்லை. அவர் அதிகாரத்தோடு எத்தனை காலமாகக் குடியிருக்கிறார் என்பதைப் பார்க்கிறார்கள். 1967இல் வயதானது காமராஜருக்கு அல்ல, காங்கிரசுக்கு.

*

நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து 2009இல் விருதுநகர் அதே நாடகத்தை வேறு நடிகர்களோடு பார்த்தது. இம்முறை மக்களவைத் தொகுதி. மூன்று முறை மாநிலங்களவையிலும், சிவகாசியிலிருந்து 1998, 1999 ஆகிய இரு முறை மக்களவையிலும் இருந்த வைகோ ஒருபுறம். வயது 65ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. நாடாளுமன்ற அனுபவத்தில் அவரை மிஞ்ச அன்று தமிழகத்தில் வெகு சிலரே இருந்தார்கள். மறுபுறம் காங்கிரஸ் மாணவர் அமைப்பிலிருந்து வந்த மாணிக்கம் தாகூர், முப்பதுகளின் நடுவில் இருந்தவர். வைகோ 15,764 வாக்குகளில் தோற்றார். அவ்வளவு பெரிய பேச்சாளரை அவ்வளவு அமைதியான ஓர் இளைஞர் வென்றதை ஊரே அதிசயமாகப் பேசியது.

ஆனால் இங்கே அவசரப்பட்டு ‘இளமை வென்றது’ என்று தீர்ப்பெழுதக்கூடாது. தேமுதிக சார்பில் நின்ற க. பாண்டியராஜன் ஒரு லட்சத்துக்கும் மேல் வாக்குகள் பெற்றார். மூன்றாமவர் பெற்ற வாக்கு தோல்வி வித்தியாசத்தைப்போலப் பல மடங்கு. 2014இல் அதே மாணிக்கம் தாகூரும் அதே வைகோவும் தோற்று, அதிமுகவின் டி. ராதாகிருஷ்ணன் வென்றார். 2019இல் தாகூர் மீண்டும் வென்றார். 2024இல் விஜயகாந்தின் மகன் விஜய பிரபாகரனை 4,379 வாக்குகளில்தான் அவரால் வெல்லமுடிந்தது. 2009இல் இளையவராக வந்தவர் 2024இல் அனுபவசாலியாக நின்று, தம்மைவிட இளையவரிடம் மயிரிழையில் தப்பினார். இந்த ஊரின் தராசு யாரையும் நெடுநாள் உட்காரவிடாது.

வெற்றிவாய்ப்பு என்று நாம் சொல்வது எவ்வளவு நொய்மையான பொருள் என்பதற்காக இவ்வளவும் சொன்னோம். கூட்டணி மாறினால் அது மாறும். மூன்றாமவர் நின்றால் மாறும். அதை முன்கூட்டியே சொல்கிறவர்கள் பெரும்பாலும் அதில் ஆதாயம் உள்ளவர்கள். நம் கட்சிகளில் விருப்ப மனு வாங்குகிறார்கள், கட்டணம் வாங்குகிறார்கள், நேர்காணல் நடத்துகிறார்கள். உள்ளே போய் வந்தவர்களைக் கேட்டால், எவ்வளவு செலவழிப்பீர்கள், தொகுதியில் உங்கள் சாதி எவ்வளவு என்ற இரு கேள்விகளைத் தவறாமல் சொல்வார்கள். அந்த இரண்டுக்கும் கிடைக்கும் பதில்தான் ‘வெற்றிவாய்ப்பு’ என்ற கௌரவமான பெயரில் அறைக்கு வெளியே வருகிறது. இறுதியில் கட்சித் தலைமை கையெழுத்திடும் ‘பி ஃபாரம்’ யாருக்கு என்பதே முடிவு. வாங்குகிறவன் வராமலே விலை பேசி முடிக்கப்படும் சந்தை இது.

*

அப்படியானால் அமெரிக்க வழியா? அதையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதற்கில்லை. 2020இல் ஜனநாயகக் கட்சியின் ஆதரவாளர்கள் 77 வயது ஜோ பைடனைத் தேர்ந்தெடுத்தபோது, டிரம்ப்பை வெல்லக்கூடியவர் இவரே என்பதுதான் முதன்மையான காரணமாகப் பேசப்பட்டது. கணிப்பு பலித்தது. 2024இலும் முதல்நிலைத் தேர்தல்கள் நடந்தன. ஆனால் பதவியிலிருக்கும் அதிபரை எதிர்த்துப் பலமான யாரும் நிற்கவில்லை. பெயரளவுக்கு ஒரு தேர்தல். ஜூன் 27ஆம் தேதி தொலைக்காட்சி விவாதத்தில் நாடு பார்த்ததைக் கட்சி அதற்குமுன் பேசத் துணியவில்லை. ஜூலை 21இல் அவர் விலகினார். அவகாசமில்லாமல் நின்ற கமலா ஹாரிஸ் தோற்றார். வாக்குப்பெட்டி இருந்தும் போட்டியாளர் இல்லையென்றால், 1967இல் விருதுநகர்த் தொண்டரின் வாயடைத்த அதே மௌனம்தான் அங்கேயும்.

நம் நாட்டில் 2014இல் காங்கிரஸ் சில மக்களவைத் தொகுதிகளில் இதைச் சோதித்துப் பார்த்தது. வடோதராவில் உட்கட்சித் தேர்தலில் நரேந்திர ராவத் என்பவர் வென்றார். நரேந்திர மோதி அங்கே நிற்கிறார் என்றானதும், அனுபவமுள்ள மூத்தவர் வேண்டும் என்று மதுசூதன் மிஸ்திரி நிறுத்தப்பட்டார். அவர் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்றார். ராவத் நின்றிருந்தாலும் தோற்றிருப்பார், அதில் ஐயமில்லை. ஆனால் உறுப்பினர்கள் போட்ட வாக்குக்கு என்ன மரியாதை என்ற கேள்வி மிஞ்சியது. அதன்பின் அந்தச் சோதனை வேர்விடவேயில்லை.

நம் பக்கத்திலும் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 1956இல் திருச்சி மாநாட்டில், தேர்தலில் போட்டியிடலாமா வேண்டாமா என்ற கேள்வியை திமுக தன் தொண்டர்களிடமே விட்டது. இரண்டு பெட்டிகள் வைத்தார்கள், வாக்களிக்கச் செய்தார்கள். தேர்தலில் நிற்பதா என்பதையே தொண்டரிடம் கேட்டவர்கள், யாரை நிறுத்துவது என்பதை ஏன் கேட்கக்கூடாது?

மறுப்புகள் எங்களுக்குத் தெரியும். உறுப்பினர் பட்டியலே போலி என்பார்கள்; பெரும்பாலும் உண்மை. பணம் விளையாடும், சாதி விளையாடும் என்பார்கள், அதுவும் உண்மை. ஆனால் இப்போது அவை விளையாடவில்லையா? மூடிய அறையில் ஒருவரிடம் விளையாடுவதைவிடத் திறந்த இடத்தில் பத்தாயிரம் பேரிடம் விளையாடுவது கடினம், செலவும் அதிகம். நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தொகுதிக்கு இரண்டு பெயர், அவற்றில் ஒன்று மூத்தவருடையதாகவே இருக்கட்டும். ஒரு வருடத்துக்கு மேல் உறுப்பினராக இருப்பவர்கள் மட்டும் வாக்களிக்கட்டும். வாக்களிக்குமுன் இருவரும் ஒரே மேடையில் நின்று கட்சிக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும். தீப்பெட்டி ஆபீசில் கட்டு ஒட்டும் பெண் ஒருத்தி எழுந்து, “நீங்க வந்து எங்க கூலிக்கு என்ன செஞ்சீங்க?” என்று கேட்கட்டும். அனுபவசாலியிடம் அதற்கு நல்ல பதில் இருக்கும். இருந்தால் அவர் வெல்வார். இல்லையென்றால், பொதுத்தேர்தல் நாளில் தெரிந்துகொள்வதைவிட மூன்று மாதம் முன்னால் தெரிந்துகொள்வது அவருக்கும் நல்லதே.

*

தோற்ற காமராஜர் முடங்கிப்போய்விடவில்லை. 1969இல் நாகர்கோவில் மக்களவை இடைத்தேர்தலில் நின்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். 1971இலும் அதே தொகுதியில் வென்றார். நிறை குறையவில்லை, ஊருக்கு ஊர் விலைதான் மாறியது. 1975 அக்டோபர் 2ஆம் தேதி அவர் மறைந்தபோது எங்கள் ஊரில் கடைகளை அடைக்கச் சொல்ல யாரும் தேவைப்படவில்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

அவர் பிறந்த வீடு இன்று நினைவில்லம். சிறிய வீடு. படங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தால் சில நிமிடங்களில் சுற்றி வந்துவிடலாம். வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, இவரையா தோற்கடித்தீர்கள் என்று எங்களைக் கேட்பார்கள். ஆண்டுக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார். ஆமாம் என்று தலையைக் குனிந்துகொள்வதே எங்கள் ஊர் வழக்கம். இப்போது வேறு பதில் சொல்லலாமா என்று யோசிக்கிறோம். தோற்கடித்தவர்கள் தம் மனத்தில் பட்டதை வாக்குச்சீட்டில் சொல்லிவிட்டார்கள். அவரை நேசித்தவர்களுக்குத்தான் சொல்ல இடமில்லாமல் போயிற்று.